எட்ஜ் கேஸாமில்ல, எட்ஜ் கேஸு!

"ண்ணா, அதெல்லாம் எட்ஜ் கேஸுண்ணா. விடுங்க."

பொட்டி தட்டுற மக்கள் வாயிலேர்ந்து இந்த ஒரு வார்த்தையை மட்டும் பிடுங்கிடணும்னு யாராவது கையெழுத்து வேட்டை நடத்தினா, மொதக் கையெழுத்து என்னோடதுதான். இன்னைக்கு பதிவு முழுக்க இதைத்தான் திட்டப் போறேன். ஆணி அதிகம் இருக்கறவங்க சாயங்காலமா வந்து படிச்சுக்கோங்க. பதிவு கொஞ்சம் நீளம்.

விஷயம் இதுதான். எங்க ஊர்ப் பையன் ஒருத்தன், தினமும் மின்சார ரயில்ல மெட்ராஸ் போய் வர்ற சாஃப்ட்வேர் ஆளு, ஒரு குட்டி டூல் எழுதி கிட்ஹப்ல போட்டிருந்தான். பேர் லிஸ்ட் ஒண்ணு குடுத்தா, ரெண்டு தடவை வந்த பேரையெல்லாம் கண்டுபிடிச்சுத் தூக்கிடும். நூறு வரி பைத்தான். இந்த மாதிரி சின்ன டூல்கள் மேல எனக்கு ஒரு தனிப் பாசம் உண்டு. எழுத்தை எண்ணறது, பேரை ரெண்டா பிரிக்கறது, வரிசைப்படுத்தறது, ஒரு என்கோடிங்லேர்ந்து இன்னொண்ணுக்கு மாத்தறது. யாரும் இதுக்கெல்லாம் மாலை போட மாட்டாங்க. ஆனா பெரிய பெரிய சாஃப்ட்வேருக்குள்ள திருகாணி மாதிரி உக்காந்திருக்கறது இதுங்கதான். 2016 மார்ச்ல லெஃப்ட்-பேட்னு ஒரு பதினோரு வரி ஜாவாஸ்கிரிப்ட் சமாச்சாரத்தை, எழுதினவர் கோவிச்சுக்கிட்டு என்பிஎம்லேர்ந்து தூக்கிட்டார். உலகம் பூரா ஆயிரக்கணக்கான புராஜெக்ட் பில்டு ஆகாம படுத்துக்கிச்சு. பதினோரு வரி!

பையனோட டூலுக்கு நான் ரெண்டு பேர் குடுத்தேன். கௌரி, கெளரி. ரெண்டும் வேற வேற ஆளுன்னு அடிச்சுச் சொல்லிச்சு. "டெஸ்ட் எழுதியிருக்கியாடா தம்பி?"ன்னு கேட்டா, எழுதியிருக்கான். ஜான், மேரி, ஜான். அதுக்கு மேல கேட்டப்பதான் மேல சொன்ன திருவாசகம் வந்துச்சு.

திருத்தணியில உக்காந்துக்கிட்டு, தமிழ்ப் பேர் எட்ஜ் கேஸாம்!

உத்துப் பாருங்க மக்களே, அந்த ரெண்டு கௌரியையும். கண்ணுக்கு ஒண்ணுதான். மொதலாவதுல ஔகாரக் குறி முழுசா ஒரே கோட் பாயின்ட். ரெண்டாவதுல எகரக் கொம்பு, அப்புறம் தனியா ஒரு ள. தட்டச்சு மெஷின் காலத்துலேர்ந்தே நாம ஔகாரத்துக்கு ள சாவியைத்தான் தட்டிப் பழகிட்டோம். பழைய ஃபாண்டுகளும் அதே வழக்கத்தைத்தான் கொண்டு வந்துச்சு. அதனால கௌதமன், கௌசல்யா, சௌந்தர்யா, மௌனிகா எல்லாருமே கம்ப்யூட்டருக்குள்ள ரெட்டைப் பிறவிகள். கொ, கோ வகையறாவுக்கும் இதே மாதிரி ரெண்டு வழி உண்டு. கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாவும் எழுதலாம், கொம்பு தனி கால் தனியாவும் எழுதலாம். ஆனா அந்த ரெண்டும் சமம்னு யூனிகோடே சொல்லுது. நார்மலைஸ் பண்ற ஃபங்க்ஷனை ஒரு தடவை கூப்பிட்டா ரெண்டும் ஒண்ணாயிடும். கெளரி விஷயத்துல அந்தப் பருப்பு வேகாது. யூனிகோடைப் பொறுத்தவரை அந்த ள உண்மையான ள. நார்மலைஸ் அதைத் தொடாது.

"சரிண்ணா, கெள வந்தா கௌ-ன்னு மாத்திட்டாப் போச்சு"ன்னு தோணுதில்ல? தோணும். நாட்டுல நிறைய பேருக்குத் தோணியிருக்கு. அதோட விளைவுதான் நெட்ல அங்கங்க பல்லிளிக்குது. "வௌியீடு"ன்னு பாத்திருக்கீங்களா? "வௌிநாடு"? "தௌிவு"? எவனோ ஒரு புண்ணியவான் கன்வெர்ட்டர் எழுதறப்ப கொம்பு, எழுத்து, ள மூணும் அடுத்தடுத்து வந்தா கண்ணை மூடிக்கிட்டு ஔகாரமா மாத்துன்னு எழுதிட்டான். வெளியீடு, வெளிநாடு, தெளிவு எல்லாம் அதுல மாட்டி நாசமாப் போச்சு. சில ஃபாண்டுல பாத்தா சரியா இருக்கற மாதிரியே தெரியும். சிலதுல நடுவுல புள்ளிவட்டம் முளைக்கும். வெளியீடுன்னு ஒழுங்கா அடிச்சுத் தேடறவனுக்கு அந்தப் பக்கம் கடைசிவரைக்கும் கெடைக்காது. இருக்கு, ஆனா இல்ல. அந்த கன்வெர்ட்டரை எழுதினவன், வெள்ளிக்கிழமை, கெளுத்தி மீன், தெளிவுன்னு மூணே மூணு வார்த்தையை டெஸ்ட்ல போட்டிருந்தா அன்னைக்கே பிடிபட்டிருக்கும். மூணு வார்த்தை சார்!

என் கோவம் எங்கேன்னு இப்ப புரியும்னு நெனக்கிறேன். டூல் வேலை செய்யாம கத்திட்டு விழுந்துட்டா பிரச்சினையே இல்ல. திட்டிட்டு வேற டூல் தேடுவோம். வேலை செஞ்ச மாதிரி காட்டிட்டு, உள்ள எழுத்தைக் கெடுத்து வெக்குது பாருங்க, அதுதான் விஷம். பத்து வருஷம் கழிச்சு யாரோ ஒரு பாட்டி பென்ஷனுக்கு வந்து நிக்கும்போது லிஸ்ட்ல பேர் இருக்காது. அதாவது, இருக்கும். தேடினா வராது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருக்கறவர் "சிஸ்டத்துல இல்லம்மா"ம்பார். அவர் பொய் சொல்லலை.

எட்ஜ்னு சொன்னதால எங்க ஊர்க்கதையைக் கொஞ்சம் சொல்லியே ஆகணும். எட்ஜ்னா எல்லை. எல்லையைப் பத்தி திருத்தணிக்காரன் கிட்ட பேசறீங்க! 1953-ல ஆந்திர மாநிலம் பிரிஞ்சப்ப சித்தூர் ஜில்லாவோட சேர்ந்து நாங்க அந்தப் பக்கம் போயிட்டோம். ம.பொ.சி.யோட தமிழரசுக் கழகம், போராட்டம், ஜெயில், படாஸ்கர் மத்தியஸ்தம்னு வருஷக்கணக்கா இழுத்து, 1959-ல சட்டம் வந்து, 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி தாலுகா இந்தப் பக்கம் வந்துச்சு. பதிலுக்கு சத்தியவேடு பக்கம் அங்க போச்சு. கோடு போடறவங்களுக்கு அது ஒரு ஓரம். அங்க வாழறவங்களுக்கு அது வீட்டு வாசல். டெஸ்டிங் படிச்சவங்களுக்கு மொத நாள் சொல்லித் தர்ற பாடமே எல்லையில டெஸ்ட் பண்ணுங்கறதுதான், தப்பு அங்கதான் ஒளிஞ்சிருக்கும்னு. நம்ம மக்கள் பாடத்தைப் படிச்சு மார்க் வாங்கிட்டு, எல்லையை மட்டும் விட்டுடறாங்க.

எங்க ஊர்ப் பேரையே எடுத்துக்கோங்க. திருத்தணி. எத்தனை எழுத்து? தி, ரு, த், த, ணி. அஞ்சு. ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை சொல்லும். பைத்தான் கிட்ட லென் போட்டுக் கேளுங்க, 9-ம்பான். ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட்டும் 9. கோ, ரஸ்ட் ரெண்டு பேரும் 27-ம்பாங்க, ஏன்னா அவங்க எண்றது யுடிஎஃப்-8 பைட்டை, நம்ம எழுத்துக்கு கோட் பாயின்ட் ஒண்ணுக்கு மூணு பைட். ஸ்விஃப்ட் மட்டும் சமத்தா 5-ம்பான். இதுல எதுவுமே தப்பில்ல, ஒவ்வொருத்தர் எண்றது ஒவ்வொண்ணு. ஆனா டூல் எழுதற நீ எதை எண்றேன்னு உனக்குத் தெரியணுமா வேணாமா? எஸ்எம்எஸ்க்கு எழுத்து எண்ற டூல் எழுதறே. இங்கிலீஷ்ல 160 வரைக்கும் போகும். தமிழ் ஒரு எழுத்து கலந்தாலும் கொள்ளளவு 70-ஆ சுருங்கிடும். 70-ல கண்ணை மூடிட்டு வெட்டினா கடைசி எழுத்தோட கொம்போ காலோ கழண்டு அடுத்த மெசேஜுக்குப் போயிடும். மணி மண ஆகும், வா வ ஆகும். பைட் கணக்குல வெட்டினா இன்னும் விசேஷம். கறுப்பு டைமண்டுக்குள்ள கேள்விக்குறி வந்து நிக்கும்.

ஒரு வார்த்தையைத் திருப்பிப் போடற டூலை எழுதிட்டு சோதிக்கணும்னா, விகடகவியை விட்டா ஆள் கெடையாது. வி-க-ட-க-வி, எப்படிப் படிச்சாலும் அதேதான்னு சின்ன வயசுல தெனாலிராமன் கதையிலேயே படிச்சுட்டோம். கோட் பாயின்ட் கணக்குல திருப்பினா ஒரு அனாதைச் சுழி மொதல்ல வந்து நிக்கும், வி உடைஞ்சு வ ஆகிக் கிடக்கும். இலவசமா நம்ம தாத்தா பாட்டி குடுத்த டெஸ்ட் கேஸ் இது. எத்தனை பேர் போடறோம்?

இதையெல்லாம் விட மோசமானது ஒண்ணு இருக்கு. வார்த்தை பிரிக்கற வேலை. பைத்தானோட ரீ மாட்யூல்ல பேக்ஸ்லாஷ் டபிள்யூன்னா "எழுத்து"ன்னு அர்த்தம்னு எல்லாரும் நம்பறோம். அவன் கணக்குல நம்ம கொம்பு, கால், சுழி, புள்ளி எதுவுமே எழுத்து கெடையாது! தமிழ்னு குடுத்தா "தம", "ழ"ன்னு ரெண்டு துண்டா வெட்டிக் குடுப்பான். ஏதோ ஒண்ணுன்னு விடலாம்னா, இதுக்கு மேல கட்டடம் கட்டியிருக்காங்களே. சைக்கிட்-லேர்ன்னு பிரபலமான மெஷின் லேர்னிங் பொட்டலம். அதுல வார்த்தைகளை எண்ற கவுன்ட்வெக்டரைசர், நீங்களா எதுவும் மாத்தலைன்னா, இதே பேக்ஸ்லாஷ் டபிள்யூவைத்தான் பிடிச்சுக்கிட்டுத் தொங்குது. அதுலயும் ரெண்டு எழுத்துக்குக் கம்மியானதைத் தூக்கிக் கடாசிடும். போட்டுப் பாருங்க வேடிக்கையை. திருத்தணி "தண" ஆகும். திருப்பதி "பத". திருவள்ளூர் "வள". முருகனே "கன"ன்னு நிப்பார். அரக்கோணம் "அரக", "ணம"ன்னு ரெண்டு ஸ்டேஷன் ஆயிடும். சென்னை? துண்டு துண்டா ஒத்தை எழுத்தாப் போயி, மொத்தமா காணாமப் போயிடும். தலைநகரமே அவுட்டு!

இதை வெச்சு தமிழ்ச் செய்தி அலசல்னு ஒருத்தர் படம் வரைஞ்சு காட்டினா நாம கை தட்டுவோம். எண்ணிக்கை வரும், பட்டை பட்டையா வரைபடம் வரும், எர்ரர் வராது. அதுதான் கொடுமை. பைத்தான்லயே ரெஜெக்ஸ்னு வேற ஒரு பொட்டலம் இருக்கு, அது நம்ம குறிகளையும் எழுத்தாத்தான் எடுத்துக்கும். மருந்து பக்கத்துக் கடையிலயே கெடைக்குது. நோய் இருக்கறது தெரிஞ்சாத்தானே போய் வாங்குவோம்? தெரியணும்னா ஒரே ஒரு தமிழ் வரியை உள்ள விட்டுப் பாக்கணும்.

எண் விஷயத்துல இதே பைத்தான் நேர் எதிர். ௧௨-ன்னு தமிழ் எண்ல குடுத்தா சமத்தா பன்னிரண்டுன்னு எடுத்துக்கும். போன் நம்பர் சரி பாக்கற டூல்ல பேக்ஸ்லாஷ் டி போட்டிருந்தா தமிழ் எண்ணும் ஜம்முனு உள்ள போயிடும், அப்புறம் அதை வாங்கிக்கற அடுத்த மெஷின் திருதிருன்னு முழிக்கும். ஜாவாஸ்கிரிப்ட் அதே தமிழ் எண்ணை வாசல்லயே விரட்டிடும். பொருட்பால்ல அதிகாரத்துக்கு அதிகாரம் தமிழ் எண் போடற ஆசை உள்ளவங்க கவனிக்க.

பேரைப் பிரிக்கற டூலைப் பத்தி தனிப் பதிவே போடலாம். மொத வார்த்தை பேரு, கடைசி வார்த்தை குடும்பப் பேருன்னு எழுதி வெச்சிருக்காங்க. எங்க தெருவுல வந்து ஓட்டிப் பாக்கட்டும். ஒரு வீட்ல இனிஷியல் முன்னாடி, பேர் பின்னாடி. குடும்பப் பேர்னு ஒண்ணு கெடையவே கெடையாது. அடுத்த வீடு தெலுங்கு, அவங்களுக்கு இன்டிபேரு உண்டு, ஆனா அது மொதல்ல வரும். உதாரணத்துக்கு வெளிய போக வேணாம். 1888-ல இதே திருத்தணியில பொறந்து ஜனாதிபதி வரைக்கும் போன சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். சர்வபள்ளிங்கறது இன்டிபேரு, ராதாகிருஷ்ணன்தான் பேரு. டூல்ல போட்டா அவரை "டியர் சர்வபள்ளி"ன்னு செல்லமா கூப்பிட்டு லெட்டர் அடிக்கும். ஜனாதிபதிக்கே இந்த கதின்னா முனுசாமிக்கும் மஸ்தானம்மாவுக்கும் என்ன கதி?

இதெல்லாம் சின்னப் பசங்க, சின்ன டூல், பெரிய கம்பெனின்னா ஒழுங்கா பண்ணுவாங்கன்னு நெனக்கிறவங்களுக்கு 2018 பிப்ரவரி ஞாபகமிருக்கும். தெலுங்குல ஜ்ஞ வர்ற ஒரு கூட்டெழுத்து, அதை மெசேஜ்ல அனுப்பினா ஐபோன்ல அந்த ஆப் படுத்துடும். மறுபடி திறந்தா மறுபடி படுக்கும். அந்த மாசமே ஆப்பிள் 11.2.6-னு அப்டேட் விட்டு சரி பண்ணாங்க. கோடிக்கணக்கான ஜனங்க எழுதற மொழி. நாம செல்லமா ஜிலேபின்னு கிண்டலடிக்கிற அந்த எழுத்து, அமெரிக்காவுல உருவான போனையே கவுத்துடுச்சு. ரேணிகுண்டா பாசஞ்சர்ல ஏறினா யார் கிட்ட வேணா ஒரு பக்கம் தெலுங்கு எழுதி வாங்கலாம் சார்.

இந்த இடத்துல வழக்கமா ஒருத்தர் வருவார். "தமிழுக்கு யூனிகோட்ல 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் குடுத்திருந்தா இந்தப் பிரச்சினையே வந்திருக்காது"ன்னு. ஐயா, நியாயம்தான். அந்த ஆதங்கத்துல பிறந்ததுதான் டேஸ்-16, 2010-ல தமிழ்நாடு அரசும் யூனிகோடோட சேர்த்து அதையும் தரமா அறிவிச்சுது. அந்தச் சண்டையை நாம பக்கம் பக்கமா போட்டாச்சு, டீ ஆறிப் போயாச்சு. உலகம் ஓடறது 1991-ல போட்ட அந்த யூனிகோட் பாதையில. பாதை கோணல்ங்கறது, பிரேக் சரி பாக்காம வண்டி எடுக்கறதுக்கு ஒரு சாக்கா?

முன்னாடி இருந்தவங்களுக்கு நம்மை விட மோசமான பாதைதான் கெடைச்சுது. திஸ்கி, டாப், டாம், பாமினின்னு வீதிக்கு ஒரு என்கோடிங். விண்டோஸ் 98-ல தமிழ் யூனிகோட் கட்டம் கட்டமா தெரியும். அந்தக் காலத்துலதான் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலைக் கொண்டு வந்தார், முகுந்த் எ-கலப்பையைக் குடுத்தார், சுரதா பொங்குதமிழ் மாற்றியைப் போட்டார், அதிராம்பட்டினத்து உமர்தம்பி தேனீ எழுத்துருவைச் செஞ்சு இலவசமா விட்டுட்டு 2006-ல போய்ச் சேர்ந்துட்டார். இதைப் படிக்கிறவங்கள்ல பாதிப் பேர் மொத வரி தமிழ் அடிச்சதே இவங்க யாரோ ஒருத்தர் புண்ணியத்துல இருக்கும். இவங்க டூல்கள் எல்லாம் சின்னதுதான். ஆனா ஒண்ணு கவனிங்க. இவங்களுக்குத் தமிழ்ங்கறது எட்ஜ் கேஸ் இல்ல. அதுதான் கேஸே. தன் கவிதையை, தன் கடிதத்தை உள்ள போட்டு எடுத்துப் பாத்தாங்க. ஒரு கொம்பு இடம் மாறினாலும் குழுமத்துல நாலு பேர் கூப்பாடு போட்டாங்க, உடனே திருத்தினாங்க. டெஸ்ட் சூட்னு பேர் வெக்கலை, அவ்ளோதான். இப்ப இருக்கறவன் கையில எல்லா வசதியும் இருக்கு. ஓபன்-தமிழ்னு பைத்தான் பொட்டலமே இருக்கு, சொல்லை எழுத்து எழுத்தாப் பிரிச்சு திருத்தணிக்கு அஞ்சுன்னு ஒழுங்கா சொல்லும். நிறுவ அரை நிமிஷம். ஆனாலும் ஜான், மேரி, ஜான்.

வெளிநாட்டுக் கதை ஒண்ணு சொல்லிடறேன், மனசு ஆறும். ஆக்-னு ஒரு குட்டி மொழி, 1977-ல பெல் லேப்ஸ்ல பிறந்தது, மூணு பேர் பேரோட மொத எழுத்துல ஆனது. அதுல ஒருத்தர் பிரையன் கெர்னிகன். 2022-ல, தன்னோட 80-ஆவது வயசுல, அந்த ஆக்குக்கு யூனிகோட் ஆதரவு சேர்த்தார். அதுவரைக்கும் அந்த ஆக் திருத்தணியை 27-ன்னு எண்ணிட்டிருந்துச்சு, அப்புறம் 9-ன்னு எண்ண ஆரம்பிச்சுது. அஞ்சுக்கு வரலை, அது நம்ம வேலைன்னு வெச்சுக்குவோம். அந்த மாற்றத்தை அனுப்பறப்ப அவர் சொன்னது என்ன தெரியுமா? கிட் தனக்கு இன்னும் சரியா பிடிபடலை, இன்னும் கொஞ்சம் டெஸ்ட் பண்ணிட்டு அனுப்பறேன்னார். உலகத்துல பாதிப் பேருக்கு சி கத்துக் குடுத்த மனுஷன், 80 வயசுல, "இன்னும் கொஞ்சம் டெஸ்ட்"ங்கறார். இங்க 24 வயசுக்கு எட்ஜ் கேஸாம்.

இன்னொரு கூத்து. மைஎஸ்க்யூஎல்ல யுடிஎஃப்-8-னு பேர் வெச்சுக்கிட்டு மூணு பைட்டுக்கு மேல வாங்க மாட்டேன்னு ஒரு வகை ரொம்ப காலம் இருந்துச்சு. எல்லாரும் நாலு பைட் வகைக்கு மாறினதுக்குப் பெரிய காரணம் ஈமோஜி. சிரிக்கிற மூஞ்சியும் இன்னும் சில சொல்லக் கூடாத சமாச்சாரமும் டேட்டாபேஸ்ல ஏறலைன்னதும் உலகமே துடிச்சுப் போச்சு. 2018-ல வந்த 8.0-லேர்ந்து அதுவே இயல்பாவும் ஆச்சு. 2019-ல நம்ம முந்திரி, காணி, மா மாதிரி பழைய பின்னக் குறியெல்லாம் யூனிகோட்ல சேர்ந்தப்ப, அதுங்களும் நாலு பைட்தான். பழைய வகையிலேயே இருந்திருந்தா ஒரு நிலப் பத்திரத்துல இருக்கற காணியை அப்படியே உள்ள ஏத்த முடியாது. சாணி ஈமோஜி புண்ணியத்துல காணி உள்ள போச்சு. சிரிக்கிறதா அழறதா?

"இப்பல்லாம் ஏஐ கிட்ட சொன்னா பத்து நிமிஷத்துல டூல் எழுதித் தருதுண்ணா"ன்னு அடுத்த வாதம். தரட்டும், ரொம்ப சந்தோஷம். எழுதற நேரம் மிச்சம்தானே? அந்த மிச்ச நேரத்துல டெஸ்ட் பண்ணலாமே! நீ தமிழைப் பத்தி வாயே திறக்கலைன்னா அது எழுதற டெஸ்ட்லயும் ஜானும் மேரியும்தான் வந்து நிப்பாங்க. முன்னாடி ஒருத்தன் ஒரு வாரம் உக்காந்து ஒரு தப்பான கன்வெர்ட்டர் எழுதுவான். இப்ப ஒரு மத்தியானத்துல நாலு எழுதலாம்.

டிசம்பர் 31 ராத்திரி எங்க ஊர்ல படித் திருவிழா. மலைக்கு 365 படி. படிக்கு ஒரு திருப்புகழ், சூடம் ஏத்திப் பாடிக்கிட்டே மேல போவாங்க. ஒரு படியைக்கூட விட மாட்டாங்க. மேல போக கார் ரோடும் இருக்கு, அஞ்சு நிமிஷத்துல போயிடலாம், அதுவும் எல்லாருக்கும் தெரியும். டெஸ்ட் எழுத நேரமில்லைன்னு சொல்ற பசங்கள்ல சில பேரை அந்தக் கூட்டத்துல நானே பாத்திருக்கேன், பக்தியோட, படிக்குப் படி நின்னுக்கிட்டு.

சரி, திட்டினது போதும். நான் ஒரு சாதா எழுத்துக் கோப்பு வெச்சிருக்கேன், முப்பது வரி இருக்கும். யார் எந்தச் சின்ன டூல் காட்டினாலும் மொதல்ல இதைத்தான் உள்ள விடறது. விகடகவி இருக்கு. ரெண்டு கௌரியும் இருக்காங்க, பக்கத்துலயே வெள்ளிக்கிழமையும் கெளுத்தியும். கொடி ரெண்டு விதமா எழுதினது. ஸ்ரீ ஒண்ணு, ஶ்ரீ ஒண்ணு. ரெண்டாவது 2005-ல சேர்த்த ஶ-வை வெச்சு எழுதறது, கோயில் நோட்டீஸ் எதை எடுத்தாலும் ரெண்டுல ஒண்ணு வரும், தேடறவனுக்கு எதுன்னு தெரியாது. ர-வுக்குப் பதிலா கால் போட்டுப் புள்ளி வெச்ச "அவா்". அக்கா, அகம் ரெண்டும். அகராதி வரிசைன்னா அக்கா முன்னாடி வரணும், கோட் பாயின்ட் வரிசைல அகம் முந்திக்கும். தமிழ் எண்ல ஒரு தேதி. சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். தெலுங்குல ஒரு வரி, அந்த 2018 கூட்டெழுத்தோட. எங்க ஊர்ப் பேர், பக்கத்துல 5, 9, 27-னு மூணு விடையும்.

பையனுக்கும் அனுப்பி வெச்சிருக்கேன். முப்பதுல பதினொண்ணு ஃபெயில்னு பதில் வந்துச்சு, கூடவே ஒரு அழுகை மூஞ்சி. நாலு பைட்.

உங்க ஊர்ப் பக்கத்து எழுத்துல, பேர்ல, வழக்கத்துல டூலைக் கவுக்கற சங்கதி ஏதாவது இருந்தா பின்னூட்டத்துல போடுங்க, முப்பத்தோராவது வரியா சேத்துடறேன். ஈழத்து நண்பர்களும் மலேசிய நண்பர்களும் பேர் விஷயத்துல கண்டிப்பா ஏதாவது வெச்சிருப்பீங்க, தெரியும்.

டிஸ்கி: ஔ வர்ற பேர் வெச்சிருக்கற பதிவர்கள் பின்னூட்டம் போடறப்ப, உங்க பேர்ல இருக்கறது ஔகாரமா ள-வான்னு ஒரு தடவை பாத்துட்டுப் போடுங்க. போன பதிவுல ஒருத்தர் ரெண்டு பேரா வந்து தனக்குத் தானே பதில் சொல்லிட்டிருந்தார் :-)